முதுகு கணக்கில் சேராது

அன்றைக்கு இந்தச் சின்னக் கோயிலுக்கு, இந்தக் குருசடிக்குப் பின்னால் மணலில் இருந்தவர்கள் இவர்கள்தான். என் தங்கை மகன் கிளாட்வின். இந்தச் சர்ஃபிங் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவன். சரக்குத் தோணியில் வேலைக்குப் போய்வந்த நெவிஸ். என் தம்பி மகள் பெனிட்டா. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற டெரன்ஸ். இரட்டையர் கோஸ்மாஸும் தமியானும். இவர்களை ஒருவராக எண்ணிவிடுகிறவர்கள் ஊரில் உண்டு, நான் இரண்டாகத்தான் எண்ணுவேன். இத்தனை பேருக்கும் சமைத்துப் போடுகிற என் மனைவி எப்ராசி. ஆக ஏழு. என்னைச் சேர்த்தால் எட்டு. ஆனால் என்னைச் சேர்க்கக் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் உட்காருங்கள் தம்பி. ஹெல்மெட்டை அந்தப் படியில் வையுங்கள். உள்ளே சிலையாக நிற்கிற அந்தோணியார் ஒன்றும் சொல்லமாட்டார்.

எனக்குப் புது ஆட்களோடு பேச வராது. பழைய ஆட்களோடும் அவ்வளவாக வராது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் எங்கே என்று கேட்டீர்கள். கூட்டமில்லாத நல்ல அலை பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டீர்கள். பக்கத்தில் இல்லை தம்பி. தூரத்தில் இருக்கிறது. ஏழு பேரும் அங்கேதான் போயிருக்கிறார்கள். அந்த இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கொண்டு நீங்களும் அந்த வழியே கிளம்பிவிடலாம்.

அந்தச் சத்தமா? அது அலை இல்லை. அலைதான், ஆனால் நல்ல அலை இல்லை. அந்தப் பக்கம் பார்க்காதீர்கள், வெயிலில் கண் கூசும்.

இந்த முனை இருக்கிறதே, பாறைமேல் குருசு நிற்கிறதே, அதைச் சுற்றிக்கொண்டு தெற்கிலிருந்து அலை வரும். வந்து, துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு பக்கமாகவே கிழித்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு நேரே ஓயும். ஆறு ஆறாக வரும். முதல் இரண்டும் வெறும் நுரை. மூன்றாவதுதான் அலை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறவன். வேறொன்றுமில்லை.

முன்பெல்லாம் தண்ணீரில் எங்கள் பிள்ளைகள் ஆறு பேர் மட்டும்தான். பிறகு யாரோ படம் எடுத்துப் போட்டார்கள். சென்னையிலிருந்து வந்தார்கள், பெங்களூரிலிருந்து வந்தார்கள். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு தலை. ஒரே அலைக்கு ஒன்பது பேர் எழுந்திருக்கிறார்கள், கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடிக்கிற மாதிரி. எங்கள் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வந்தவர்களின் போர்டைப் பிடித்துத் தள்ளிவிடுவதே வேலை. நாள் முழுக்க அடுத்தவனை அலையில் ஏற்றிவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஈரக் கால்சட்டையோடு வந்து எப்ராசியிடம் சோறு கேட்பார்கள்.

அப்படித்தான் ஒருநாள் கிளாட்வின் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"மாமா, ஊர்க்காரனுக்கு ஊர் அலை இல்லாமப் போச்சு. எல்லாவனும் அலையத் தேடி இங்க வாரான். நாம எங்கயாவது போனா என்ன? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நாமளும் டூரிஸ்டா இருந்து பார்ப்போமே."

"எங்க போவ?" என்றாள் எப்ராசி.

கேட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு ஊர்.

நெவிஸுக்கு மாலத்தீவு. "நான் தோணியில வெங்காயம் கொண்டு இறக்கும்போது பார்த்திருக்கேன். கண்ணாடி மாதிரித் தண்ணி. அலை பாட்டுக்கு வருது, ஏறுததுக்கு ஒரு ஆள் கிடையாது."

"எப்படிலே இருக்கும்?" என்றான் டெரன்ஸ். "அங்க அலைக்கே ஓட்டல்காரன் வேலி போட்டிருப்பான். நீ போர்டோட போய் நின்னா, வெங்காயம் எங்கன்னு கேப்பான்."

டெரன்ஸுக்குப் பாலி. அவன் போனில் எப்போதும் பாலிதான் ஓடும்.

"பாலியா?" என்றாள் பெனிட்டா. "அங்க தண்ணிக்குள்ள சிக்னல் வச்சாத்தான் உண்டு. பச்ச விழுறதுக்குள்ள உனக்கு லீவு முடிஞ்சிரும்."

அவளுக்கு இலங்கையில் அறுகம்பை. அங்கே தமிழ் பேசுகிறார்கள், மீன்குழம்பு கிடைக்கும் என்றாள். அங்கே போய்வந்த ஒருவனிடம் கோஸ்மாஸ் கேட்டிருக்கிறான், அலை நன்றாக இருந்ததாம், ஆட்கள் மறைத்ததால் முழுசாகப் பார்க்க முடியவில்லையாம். தமியான் அதற்கு ஆமாம் என்றான். இரண்டு பேருக்கும் லட்சத்தீவு.

"அதுக்குப் பெர்மிட்டு வேணும்லா?" என்றாள் எப்ராசி. "அது வந்து சேருததுக்குள்ள ரெண்டு பேருக்கும் தலை நரைச்சிரும்."

கடைசியில் கிளாட்வின் வாயைத் திறந்தான். "அந்தமான். டவுன் இல்ல. அதுக்கும் தெக்க ஒரு சின்னத் தீவு இருக்கு. காட்டுக்குப் பின்னால கடல். அலை நிக்குதாம், ஆள் கிடையாதாம். என்ன ஒண்ணு, சென்னையில கப்பல் ஏறணும். அங்க போய் இன்னொரு கப்பல் மாறணும்."

கப்பல் என்றதும் ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப இவிய வரமாட்டாவ," என்றாள் எப்ராசி.

இதை நான் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு மற்றது புரியாது. எனக்குப் படகு ஆகாது தம்பி. கடல்காரர் வீட்டில் பிறந்தவன். சிறுவயதில் அப்பா என்னை வள்ளத்தில் ஏற்றினார். கரை மறைவதற்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டேன். காலையில் தின்றது, முந்தின நாள் தின்றது, எல்லாம் வந்தது. அதற்குப் பிறகும் வந்தது. வலையைப் போடாமலே வள்ளத்தைத் திருப்பினார்கள். கரையில் மீனுக்குக் காத்திருந்த பெண்கள் வெறும் வள்ளத்தையும் என்னையும் பார்த்தார்கள். அன்றைக்கு வைத்த பெயர் இன்றைக்கும் இருக்கிறது. என் பெயர் கஸ்பார். ஊரில் கேட்டால் கரைக் கஸ்பார் என்பார்கள். கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தபோதுகூட யாரோ பின்னாலிருந்து அப்படிச் சொல்ல, எப்ராசி தலையைக் குனிந்துகொண்டாள் என்று கேள்வி.

கரையில் இருக்கிறவனுக்கும் ஒரு வேலை வேண்டும் அல்லவா? எனக்குக் கூறு வைக்கிற வேலை வந்தது. பிடித்த மீனை ஆட்களின் எண்ணிக்கைப்படி சமமாகக் கூறு வைப்பேன். பெரிய மீன், சின்ன மீன், நண்டு, எல்லாம் பார்த்துப் பார்த்து வைப்பேன். அதற்குப் பிறகு கூறுகளுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன். ஒருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். நான் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்வேன். சொன்னது சொன்னதுதான். யாரும் மறுத்துப் பேச முடியாது, ஏனென்றால் முதுகுக்குக் கண் இல்லை. அதனால்தான் முதுகு காட்டி நிற்கிறவனை ஆட்களோடு சேர்த்து எண்ணுவதில்லை. அவனுக்குக் கூறும் கிடையாது. பங்கிட்டது போகப் பிரிக்க முடியாமல் நிற்கிற மீதி எதுவோ, அதுதான் அவனுக்கு. சில நாள் ஒரு மீன். சில நாள் ஒன்றுமில்லை.

எல்லோரும் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆயுசு முழுக்க. அதைத்தான் சும்மா பார்த்தேன் என்று சொன்னேன்.

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் குருத்தோலை ஞாயிறு. ஊர் மொத்தமும் பவனியில். எனக்கு முழங்கால் வலி என்று சொல்லி நின்றுவிட்டேன். வலி உண்மைதான். கரையில் ஒரு ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தின் போர்டுக் கொட்டகைக்கு வெளியே அந்தப் பெரிய நீலப் போர்டு கிடந்தது, புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்குக் கொடுப்பது, கதவு மாதிரி அகலம். சும்மா தூக்கிப் பார்த்தேன். சும்மா தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். சும்மா அதன்மேல் குப்புறப் படுத்தேன். பின்னால் ஏதோ வந்து இடித்தது, அவ்வளவுதான், கரை என்னை நோக்கி ஓடி வருகிறது! கரை ஓடி வந்து நான் பார்த்ததே இல்லை தம்பி. அது எப்போதும் என்னோடு நிற்கிற சாமான். மணலில் வந்து தட்டியபிறகுதான் ஞாபகம் வந்தது, எனக்கு வாந்தி வரவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. படகில் வருகிறது, இதில் வரவில்லை!

அதற்குள் பவனி கோயில் முக்கில் திரும்புகிற பாட்டுச் சத்தம். போர்டைப் போட்டுவிட்டு ஓடினேன். யாரும் பார்க்கவில்லை. எப்ராசி மட்டும் ராத்திரிச் சோறு போடும்போது, "காதுக்குள்ள மண்ணா இருக்கே, எங்க விழுந்திய?" என்றாள். காற்று என்றேன். நம்பிவிட்டாள். அவள் எதையும் நம்பிவிடுகிற பெண்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. படுத்து வந்தாயிற்று. எழுந்து நிற்க வேண்டும். ஒரே ஒரு அலை. பாறையிலிருந்து பள்ளிக்கூடச் சுவர்வரை, இரண்டு காலில் நின்றுகொண்டு. அது எப்படி எழுவது என்று பெனிட்டா எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டே எனக்கு மனப்பாடம். கை ஊன்று, நெஞ்சைத் தூக்கு, காலை இழுத்துப் போடு. எப்ராசி பூசைக்குப் போன நேரமாகப் பார்த்துக் கட்டிலில் பழகினேன். கட்டில் கால் ஒருநாள் முறிந்துவிட்டது. கரையான் என்று சொன்னேன். "கரையானுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் தச்சனைக் கூப்பிட்டாள். தச்சன் போட்டுத் தந்த கால் யானை ஏறினாலும் தாங்கும். எதற்கு அவ்வளவு தடியாகப் போடச் சொன்னாளோ.

ஆனால் ஆட்கள் இருக்கும்போது தண்ணீரில் இறங்க என்னால் முடியாது. செத்தாலும் முடியாது. கரைக் கஸ்பார் கடலுக்குள் போகிறான் என்று ஒரு குரல் கேட்டால் போதும், ஊரே வந்து நின்றுவிடும். அந்த வெறும் வள்ளத்தைப் பார்த்த பெண்களில் மூன்று பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அந்த மூன்று பேரும் இன்னொரு தடவை பார்க்கக் கூடாது.

பொறுத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. வருகிற மாதம் முழங்காலைத் திறக்கிறார்கள். உள்ளே இரும்பு வைத்த பிறகு குதிக்கக் கூடாது, குந்தக் கூடாது, மடக்கி எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் எழ வேண்டியதெல்லாம் அதற்கு முன்னால்தான்.

இப்போது புரிகிறதா? அவர்கள் கூட்டமில்லாத அலையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அதுதான் தேவை. ஆனால் என்னுடைய அலை இங்கேயே இருந்தது. கூட்டத்தைத்தான் வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது; இவர்கள் போய்ப் பள்ளிக்கூடம் பூட்டினால் வெளியூர்க்காரர்களும் வரமாட்டார்கள்.

மாலத்தீவு என்றால் விமானம். என்னையும் வா என்று இழுப்பார்கள். பாலியும் அறுகம்பையும் அப்படித்தான், லட்சத்தீவுக்கோ பெர்மிட்டு வந்து சேராது. மிச்சம் அந்தமான், அது கப்பல். கப்பல் என்றால் என்னை யாரும் கூப்பிடவே மாட்டார்கள். அந்தமான்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அதெல்லாம் நன்றாக வரும்.

மறுநாள் குருசடிக்குப் பின்னால் மணலில் அதே பேச்சு முற்றி நெவிஸும் டெரன்ஸும் சட்டையைப் பிடிக்கிற நிலைக்கு வந்தபோது பெனிட்டா சொன்னாள்: "எதுக்குச் சண்டை? பெரியப்பா இருக்காவல்லா? கூறு வச்சிருவோம்."

சிப்பி பொறுக்கி ஐந்து குவியல் வைத்தேன். வடகோடியில் மாலத்தீவு. பிறகு பாலி, அறுகம்பை, லட்சத்தீவு. தென்கோடியில் அந்தமான். ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்க வேண்டியது. நான் பார்க்காமல் "தள்ளு" என்றோ "இருக்கட்டும்" என்றோ சொல்ல வேண்டியது. கடைசியில் நிற்கிற குவியல் எதுவோ, அந்த ஊர். இதுதான் பேச்சு.

திரும்பி நின்றேன். நின்றால், எனக்கு நேர் எதிரே டெரன்ஸின் மோட்டார் சைக்கிள்! அவன் அதை மணலில் இறக்கவே மாட்டான் தம்பி. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று சாக்குப் போட்டு மூடி வேப்பமரத்தடியில் வைத்திருப்பான். அன்றைக்கு என்ன நினைத்தானோ, கடலைப் பார்த்து நிறுத்தியிருந்தான். சாக்கும் இல்லை. அதன் கண்ணாடி என் கண் உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தது. அதில் பளிச்சென்று ஐந்து குவியலும் தெரிகிறது, பெனிட்டாவின் விரல்கூடத் தெரிகிறது.

இத்தனை வருஷத்தில் என் முதுகுக்குக் கண் இருந்ததில்லை. அன்றைக்கு அந்தோணியாராகப் பார்த்துக் கொடுத்தார். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

அவள் விரல் ஒரு கோடிக் குவியலைத் தொட்டது. "பெரியப்பா, இது?"

மாலத்தீவுதான் என்று நினைத்து, "தள்ளு" என்றேன். சொன்ன பிறகுதான் மண்டையில் உறைத்தது. கண்ணாடியில் இடது வலது மாறும்! அவள் தொட்டது தென்கோடி! அந்தமானைத் தள்ளிவிட்டேன்! போச்சு, எல்லாம் போச்சு, முழங்காலும் போச்சு.

"மாலத்தீவு போச்சு!" என்று கத்தினாள் பெனிட்டா.

எனக்குப் போன உயிர் வந்தது. ஆக, கண்ணாடியில் ஒன்றும் மாறவில்லை. நான்தான் கணக்கைக் குழப்பிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றால் இப்படித்தான். ஆனால் அதற்குப் பிறகு எனக்குக் கண்ணாடியை நம்பத் தைரியம் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவள் கேட்கக் கேட்க "தள்ளு", "தள்ளு", "தள்ளு" என்றேன்.

"லட்சத்தீவு அவுட்டு! பாலி அவுட்டு! ஐயோ, அறுகம்பையும் போச்சே! அந்தமான்தான் பெரியப்பா!"

ஏழு பேரும் கைதட்டினார்கள். நெவிஸும் கைதட்டினான். ஒரு சாளை மீன் குறைந்தால் சாயங்காலம்வரை சண்டை போடுகிறவன் நெவிஸ். மாலத்தீவு போனதற்கு அவனுக்கு ஒரு முகச்சுளிப்புகூட இல்லை. என்மேல் அவ்வளவு மரியாதை.

எல்லோரும் டீ குடிக்கப் போனபிறகு குவியல்களைப் பார்த்தேன். மீதி நின்ற குவியல் வடகோடியில் இருந்தது. நான் அந்தமானை வைத்தது தெற்கே. எழுந்து போகிற அவசரத்தில் யாராவது காலால் தள்ளிவிட்டிருப்பார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பொருளை வைத்த இடத்தில் வைக்கத் தெரியாது.

என்ன சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா? சரி.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. எப்ராசி தானும் போகிறேன் என்றாள். திருநெல்வேலியைத் தாண்டாதவள்!

"பிள்ளைகளுக்கு யார் சமைச்சுப் போடுவா? அந்தத் தீவுல என்ன இருக்கோ, பல்லி இருக்கோ பாம்பு இருக்கோ," என்றாள். "நீங்க இருந்துக்குவிய இல்ல?"

"இருந்துக்குவேன்," என்றேன், முகத்தைக் கொஞ்சம் வாடினாற்போல் வைத்துக்கொண்டு.

"ரொம்ப வாடாதிய," என்றாள். "கழுத்து சுளுக்கிக்கும்."

தேதி குறித்ததும் அவள்தான். அதில்தான் எனக்கு ஆச்சரியம். பக்கத்து ஊர்த் தேர் என்றால் வருஷம் தவறாமல் முதல் ஆளாகப் போய் நிற்கிறவள். அந்தத் தேரன்றைக்கு, அதாவது இன்றைக்கு, தான் ஊரில் இருக்கமாட்டோம் என்பதைக் கவனிக்காமலே குறித்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. தேருக்கு இந்த ஊர் காலியாகிவிடும். கிழவிகள் மூன்று பேரையும் அவர்களின் பேரன்கள் வேனில் தூக்கி வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். நான் எண்ணிச் சரிபார்த்துத்தான் வந்தேன். வேன் ஏற்பாடு யார் என்று கேட்டால், கிளாட்வினாம். புண்ணியவான்.

ஆனால் போன அவசரத்தைப் பாருங்கள், ஒரு ஒழுங்கு இல்லை. கொட்டகையைப் பூட்டினார்கள், இந்த நீலப் போர்டை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள். ஆமாம், இதோ உங்கள் பின்னால் சாய்ந்திருக்கிறதே, இதுதான். காய வைத்திருக்கிறேன். வழுக்காமல் இருக்க மேலே மெழுகு தேய்ப்பார்கள், அதைப் புதிதாகத் தேய்த்து, காலில் கட்டுகிற கயிற்றையும் புதிதாக மாற்றி, அப்படியே மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்ராசி யாருக்கோ வாங்கிய அரைக்கால் சட்டையைக் கொடியிலேயே விட்டுப் போயிருக்கிறாள். நாடா வைத்தது. என் இடுப்புக்குச் சரியாக இருக்கிறது. வேட்டி ஏன் உப்பியிருக்கிறது என்று பார்க்கிறீர்களா? காற்று. மருந்துக்கடையில் வாங்கிய முழங்கால் உறை ஒன்று என் தலையணைக்கு அடியில் கிடந்தது. ஒன்றுதான். வலிக்கிற காலுக்கான ஒன்று. எப்படி அங்கே வந்ததோ.

ஏழு பேரும் சென்னைக்குக் கிளம்பிய அன்று, வேனில் ஏறும்போது எப்ராசி என் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். ஆட்கள் முன்னால் அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை.

"பாறப் பக்கம் போகாதிய. பள்ளிக்கூடச் செவுத்துக்கு நேரா நில்லுங்க. என்ன, கேக்குதா?"

"நான் எதுக்குப் பாறைக்குப் போறேன்?"

"போகமாட்டிய. சும்மா சொல்லுதேன்," என்றாள்.

வேன் நகர்ந்தபிறகு கிளாட்வின் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, "மாமா! மொத ரெண்டயும் விட்டுருங்க! மூணாவது!" என்று கத்தினான். எதைச் சொன்னான் என்று வேன் இரைச்சலில் பிடிபடவில்லை. பேருந்தைப் பற்றியிருக்கும்.

இதுதான் தம்பி நடந்தது. ஏழு பேரையும் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டேன், ஒருவருக்கும் சந்தேகம் வராமல். பேசாமல் இருக்கிறவனை மக்கு என்று நினைக்கக் கூடாது.

எல்லாம் சரியாக வந்தது. நீங்கள் மட்டும்தான் கணக்கில் இல்லை.

வேட்டியை அவிழ்த்து மடித்துக் குருசடிப் படியில் வைக்கலாம் என்று கையைக் கொண்டுபோகும்போதுதான் உங்கள் வண்டிச் சத்தம் கேட்டது. யார் உங்களை வரச் சொன்னது? பெனிட்டாவா? போனில் பேசினாளா? நாளை மாற்றிச் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தேதி நிற்காது. என்ன சொன்னாள்? கரையில் சும்மா உட்கார்ந்திருங்கள் என்றா? சும்மா உட்காருவதற்குப் பாளையங்கோட்டையிலிருந்து வந்தீர்களா? அங்கே உட்கார இடம் இல்லையா? நீங்கள் அங்கே என்ன வேலை? நீச்சல் சொல்லித் தருகிறீர்களா? நல்ல வேலைதான். முங்கினவர்களைத் தூக்கவும் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா? அதுவும் நல்லது. ஆனால் இன்றைக்கு இங்கே யாரும் முங்கப்போவதில்லை, நீங்கள் வந்தது வீண்தான். அந்தமானுக்குப் போங்கள். அலை நிற்கிறதாம். இப்போது கிளம்பினால் சரியாக இருக்கும்.

போகமாட்டீர்களா.

மத்தியானம்வரை இருக்கச் சொன்னாளா. சொன்ன சொல் தவறமாட்டீர்களா. பிடிவாதக்காரராக இருக்கிறீர்களே.

தம்பி, மத்தியானம் தென்காற்று எழும்பிவிடும். அப்புறம் அலை உடைந்து சோறு கொதிக்கிற மாதிரி ஆகிவிடும். சாயங்காலம் தேர் முடிந்து ஊர் திரும்பிவிடும். அடுத்த மாதம் முழங்கால். இதோ, இதோ பாருங்கள், இல்லை, பார்க்காதீர்கள், ஆறு ஆறாக வந்துகொண்டிருக்கிறது. ஒன்று. இரண்டு. மூன்றாவதைக் கவனித்தீர்களா? யாருமே இல்லாமல், பாறையிலிருந்து சுவர்வரை, வெறுமனே போகிறது.

சரி. ஒரு வழி இருக்கிறது.

எழுந்திருங்கள். நீங்கள் கூறு வைக்கிறவன் மாதிரி நிற்க வேண்டும். எனக்குப் பழகிய வேலைதான், சொல்லித் தருகிறேன். கடலுக்கு முதுகைக் காட்டுங்கள். அப்படித்தான். உங்கள் வண்டி நிற்கிற மாதிரியே ஊரைப் பார்த்து. வண்டிக்குப் பின்னால் நில்லுங்கள், நிழலாக இருக்கும். நான் கூப்பிடும்வரை திரும்பக் கூடாது. கூப்பிட்டால் உடனே திரும்ப வேண்டும். இரண்டையும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தோணியார்மேல் ஏற்கெனவே துண்டைப் போட்டுவிட்டேன், அவரைப் பற்றிக் கவலை இல்லை.

இருங்கள், அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுக்கிறேன். உங்கள் வண்டிக் கண்ணாடியில் ஒரே தூசி. நெடுஞ்சாலைத் தூசி. தூசி இருந்தால் எனக்குப் பிடிக்காது, துடைத்துவிடுகிறேன். கொஞ்சம் கோணலாக வேறு இருக்கிறது, மேலே பார்த்துக்கொண்டு. ஒரு பொருள் இருந்தால் நேராக இருக்க வேண்டும். இதோ, இப்படி. உங்கள் கண் உயரம் இவ்வளவுதானே? சரியாக இருக்கிறது.

துண்டை அந்தோணியாருக்கே திருப்பிப் போட்டுவிட்டேன். வேட்டியைப் படியில் வைத்திருக்கிறேன், பறக்காமல் உங்கள் ஹெல்மெட்டை மேலே வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு இருந்தவர்கள் எட்டு. ஏழு பேர் கப்பலில். நீங்கள் முதுகு, முதுகு கணக்கில் சேராது.

மீதி ஒன்று.